நீதிமன்றச் சொற்கள் வந்த வழி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கணவரை இழந்தவர். முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஹஜ்ரத், நீங்கள் நாலு பாஷை படித்தவர்கள். வக்கீல் குமாஸ்தா, 'எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது' என்று சொல்கிறார். பார்ட்டி என்றால் கட்சிதானே? நான் எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லையே!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தைப் படித்ததும் அது அடங்கிவிட்டது. வீட்டுமனை பற்றிய வழக்கு அது. சம்மன் வந்திருக்கிறது. யாராவது விளக்கிச் சொல்வார்கள் என்று அதைப் பெட்டியில் வைத்திருக்கிறார். வாய்தா நாள் கடந்துவிட்டது. எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எக்ஸ்பார்ட்டி என்பது லத்தீன் மொழியின் 'எக்ஸ் பார்ட்டே'. 'ஒரு பக்கத்திலிருந்து' என்பது அதன் பொருள். "ராத்தா, உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம்" என்றேன். "என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!" என்றார் அவர்.

அன்றிரவு அந்தக் காகிதம் பற்றிய நினைவு என்னை விட்டு நீங்கவில்லை. அதில் இருந்த வக்கீல், தாவா, வாய்தா ஆகியவை அரபியிலிருந்து வந்தவை. சம்மனும் டிக்ரியும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தவை. எக்ஸ்பார்ட்டி லத்தீன். ஒரு விதவையின் வீட்டைப் பற்றிய முடிவு அவர் பேசாத மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. இச்சொற்கள் எவ்வாறு ஓரிடத்தில் வந்து கூடின என்பதை ஆராயப் புகுந்தபோது நான் அறிந்தவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆங்கிலேயருக்கே அந்நியமான சட்டமொழி

ஆங்கிலச் சட்டச்சொற்கள் நமக்குப் புரியாதிருப்பதற்கு நாம் ஆங்கிலேயர் அல்லர் என்பதே காரணம் என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று. அச்சொற்கள் பல நூற்றாண்டுகள் ஆங்கிலேயருக்கே புரியாதவையாக இருந்தன.

1066ஆம் ஆண்டில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் கடல் கடந்து சென்று இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அவனோடு சென்ற பிரபுக்கள் பிரெஞ்சு பேசினர். திருச்சபையும் எழுத்தர்களும் லத்தீனில் எழுதினர். குடிமக்களோ ஆங்கிலம் பேசினர். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அரசனின் நீதிமன்றங்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் நிலைபெற்றபோது, வழக்குரைஞர்கள் பிரெஞ்சில் வாதிட்டனர். பதிவேடுகள் லத்தீனில் எழுதப்பட்டன. பசுவைப் பறிகொடுத்த ஓர் உழவன் தன் குறையை ஆங்கிலத்தில் சொல்வான். அது பிரெஞ்சில் வாதமாகி, லத்தீனில் ஏட்டில் ஏறும். தன் வழக்கு வென்றதா தோற்றதா என்பதை அவன் பிறர் முகத்தைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

அக்காலத்தின் அடையாளம் இன்றும் ஆங்கிலச் சொற்களில் பதிந்திருக்கிறது. கோர்ட்டு, ஜட்ஜ், அட்டர்னி, அரெஸ்டு, பெயில் ஆகிய அனைத்தும் பிரெஞ்சு வழி வந்தவை. ஜூரி என்றால் சத்தியம் செய்தவர்கள் என்று பொருள். அவர்கள் கூறும் முடிவாகிய வெர்டிக்ட் என்பதன் பொருள், உண்மையாய்ச் சொல்லப்பட்டது என்பதாகும். சிறையாளியைத் தற்காலிகமாக வெளியே விடும் பரோல், 'வாக்கு' என்னும் பிரெஞ்சுச் சொல். திரும்பி வருவேன் என்று அவன் கொடுக்கும் வாக்கே அவனுக்குப் பிணை. அடமானத்தைக் குறிக்கும் மார்ட்கேஜ், 'செத்த ஈடு' என்று பொருள்படும். கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்ததாகிறது. கட்டிவிட்டால் ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்ததாகிறது என்று பதினேழாம் நூற்றாண்டின் பெரும் சட்டமேதை எட்வர்டு கோக் இதற்கு விளக்கம் தந்தார். கடனில் மூழ்கிய குடும்பங்களைக் கண்டவர்கள் இப்பெயரின் பொருத்தத்தை மறுக்க மாட்டார்கள்.

சொற்களின் வரிசையையும் பிரெஞ்சு மாற்றியது. ஆங்கிலத்திலும் தமிழைப் போலவே அடைமொழி முன்னால் வரும். ஆயினும் அட்டர்னி ஜெனரல், நோட்டரி பப்ளிக், கோர்ட் மார்ஷல் ஆகிய சட்டப் பெயர்களில் அது பின்னால் நிற்கிறது. அது பிரெஞ்சு நடை.

இதில் கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. திருட்டு, கொலை, சாட்சி, சத்தியம் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் எளிய சொற்கள் பழைய ஆங்கிலச் சொற்களே. குடிமக்களின் வாழ்வில் நிகழ்ந்தவற்றுக்கு அவர்களுடைய பெயர் நிலைத்தது. அவற்றை விசாரித்துத் தீர்த்த அதிகாரத்துக்கு ஆண்டவர்களின் பெயர் நிலைத்தது.

1362இல் எழுந்த முறையீடு

மூன்று நூற்றாண்டுகள் இந்நிலை நீடித்தது. மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்தில், 1362ஆம் ஆண்டில், நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிரெஞ்சு மொழி நாட்டு மக்களுக்குத் தெரியவில்லை. ஆகவே தமக்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன பேசப்படுகிறது என்பதை வழக்காடுவோர் அறிவதில்லை. இனி வழக்குகள் ஆங்கிலத்தில் வாதிடப்பட வேண்டும். பதிவுகள் மட்டும் லத்தீனில் இருக்கலாம் என்பது அதன் சாரம்.

எங்கள் தெரு மூதாட்டியின் முறையீடும் இதுவேயன்றோ? அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் உழவனுக்காக எழுந்த குரல் இது. ஆனால் பிரெஞ்சை விலக்க வந்த அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! வழக்குரைஞர்களும் தங்கள் வழக்கத்தை எளிதில் விட்டுவிடவில்லை. வாய்ப்பேச்சு மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறிய பின்னும், அவர்களுடைய குறிப்புகளும் தீர்ப்புத் தொகுப்புகளும் பதினேழாம் நூற்றாண்டு வரை பிரெஞ்சிலேயே தொடர்ந்தன.

அந்தப் பிரெஞ்சு நாளடைவில் பாரிஸ் நகரத்தானுக்கும் விளங்காத ஒரு கலவையாயிற்று. 1631இல் சாலிஸ்பரி நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி பற்றிய குறிப்பு புகழ்பெற்றது. தண்டனை பெற்ற கைதி ஒருவன் தலைமை நீதிபதியின் மேல் செங்கல் துண்டொன்றை எறிந்தான். அது மயிரிழையில் தவறியது. அவனுடைய கை வெட்டப்பட்டது; அவன் உடனே தூக்கிலிடப்பட்டான். இதை எழுதி வைத்தவர் பிரெஞ்சில் தொடங்கி, செங்கலுக்கும் குறி தவறியதற்கும் பிரெஞ்சுச் சொல் தெரியாமல் ஆங்கிலச் சொற்களையே இடையில் செருகிவிட்டார். ஒரு மனிதன் உயிரிழந்த செய்தி அது. அது எழுதப்பட்ட நடையோ இன்றளவும் சட்டம் படிப்போர் சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிட்டது.

பதில், பெயரான கதை

புரியாத மொழி எத்தகைய விபரீதத்தை விளைவிக்கும் என்பதற்குக் கல்ப்ரிட் என்னும் சொல்லே சான்று. குற்றவாளி என்ற பொருளில் இன்று அனைவரும் இதை வழங்குகின்றனர்.

பண்டைய இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டவன் 'நான் குற்றவாளி அல்லன்' என்று கூறியதும், அரசின் சார்பில் எழுத்தர் பிரெஞ்சில் பதிலுரைப்பார். 'குற்றவாளியே, மெய்ப்பிக்கச் சித்தமாயிருக்கிறோம்' என்பது அப்பதிலின் பொருள். ஏட்டில் இதைச் சுருக்கி, குற்றவாளி என்பதற்குக் 'கல்' என்றும், சித்தம் என்பதற்குப் 'பிரிட்' என்றும் எழுதினர். பிற்காலத்து எழுத்தர்கள் இது இரு சொற்களின் சுருக்கம் என்பதை மறந்து, எதிரே நிற்பவனை விளிக்கும் பெயர் என்று எண்ணி ஒரே சொல்லாகப் படித்துவிட்டனர். 1678இல் பெம்புரோக் பிரபுவின் மீது நடந்த விசாரணையில் இச்சொல் இவ்வாறு விளியாக வழங்கியதைக் காண்கிறோம் என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுகின்றனர். 'மெய்ப்பிக்கச் சித்தம்' என்று அரசு தன் மேல் ஏற்றுக்கொண்ட கடமை மறைந்து, மெய்ப்பிக்கப்படாத ஒருவனின் தலையில் சூட்டப்பட்ட பட்டமாக அது மாறிவிட்டது.

இரட்டைச் சொற்கள்

ஆங்கிலப் பத்திரங்களில் ஒரே பொருளுடைய இரண்டு மூன்று சொற்கள் அடுக்கி வரக் காணலாம். மரண சாசனத்தை 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பர். முன்னது பழைய ஆங்கிலம், பின்னது லத்தீன். அசையும் சொத்துகளைக் 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்பர். முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு. இருமொழிக் குடிகள் கலந்து வாழ்ந்த காலத்தில் எவருக்கும் ஐயம் எழாதிருக்க இரு சொற்களையும் சேர்த்தே எழுதினர் என்பது இதற்குக் கூறப்படும் ஒரு காரணம். அடுக்குச் சொல்லில் ஓசையின்பம் கண்டதும் மற்றொரு காரணம். பிற்காலத்தில் இரண்டும் புரிந்தபோதும், ஒன்றை விட்டால் எங்கே குறை நேருமோ என்னும் அச்சத்தால் எவரும் கைவைக்கவில்லை.

நம் பத்திரங்களும் இதற்கு விலக்கல்ல. 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று கிரயப் பத்திரத்தில் வாசிக்கக் கேட்டு, பொருள் அறியாமலே கைந்நாட்டு வைத்தவர்கள் நம் முன்னோர்.

நம்மில் பலர் வீட்டிலும் இருக்கும் ஓர் ஆவணத்தில் இத்தகைய இரட்டைச் சொல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டின் உள்ளே, இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் வாசகம் இருக்கிறது. அதில் தடையைக் குறிக்க 'லெட் ஆர் ஹின்டரன்ஸ்' என்று இரு சொற்கள் வருகின்றன. இன்று 'லெட்' என்றால் அனுமதி என்றே பள்ளிப்பிள்ளையும் சொல்லும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் தடை என்று பொருள்படும் வேறொரு 'லெட்' இருந்தது. வழக்கொழிந்த அச்சொல் சட்ட வாசகங்களில் மட்டும் உயிர்வாழ்கிறது. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்ற நம் பிள்ளைகள் இந்தப் பழஞ்சொல்லைத் தம் சட்டைப் பையில் சுமந்தே சென்றனர்.

லத்தீன் விலக்கப்பட்டது, லத்தீன் தங்கியது

1649இல் மன்னராட்சி வீழ்ந்து இங்கிலாந்து குடியரசானது. அடுத்த ஆண்டே, 1650இல், சட்ட நூல்களும் நீதிமன்ற நடவடிக்கைகளும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும் என்று அக்குடியரசின் நாடாளுமன்றம் ஆணையிட்டது. 1660இல் மன்னராட்சி மீண்டது. அதனுடன் லத்தீனும் பிரெஞ்சும் மீண்டன.

நிலையான மாற்றம் 1730இன் சட்டத்தால் நேர்ந்தது. 1733 மார்ச் 25 முதல் நீதிமன்ற நடவடிக்கைகள் யாவும் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும்; சாதாரணமாகப் படிக்கக்கூடிய எழுத்திலேயே எழுதப்படுதல் வேண்டும்; மீறினால் 50 பவுன் அபராதம் என்று அது விதித்தது. எழுத்தைப் பற்றியும் விதி செய்ய வேண்டியிருந்தது. ஏனெனில் நீதிமன்ற எழுத்தர்கள் பிறர் எவரும் படிக்கவியலாத ஒரு தனிக் கையெழுத்தை வளர்த்திருந்தனர்.

ஆயினும் விரைவிலேயே ஒரு திருத்தம் வந்தது. நீண்ட காலம் வழங்கிவந்த ஆணைகளின் பெயர்களையும் கலைச்சொற்களையும் ஆங்கிலப்படுத்த முயன்றபோது அவை நகைப்புக்கிடமாயின. ஆகவே அவை மட்டும் லத்தீனிலேயே இருக்கலாம் என்று விடப்பட்டன. ஹேபியஸ் கார்ப்பஸ், அஃபிடவிட், சப்பீனா ஆகியவை இவ்வாறு தங்கின. ஹேபியஸ் கார்ப்பஸ் என்றால் 'ஆளை நீ கொண்டுவர வேண்டும்' என்பது பொருள். அவ்வாணையின் முதற் சொற்களே அதன் பெயராயின. அஃபிடவிட் என்றால் 'சத்தியம் செய்து சொன்னான்' என்பது. சப்பீனா என்றால் 'தண்டனைக்கு உட்பட்டு' என்பது. வராவிட்டால் என்ன நேரும் என்னும் மிரட்டலே பெயரில் இருக்கிறது.

1768இல் வெளிவந்த தம் நூலின் மூன்றாம் பகுதியில் சட்டப் பேராசிரியர் பிளாக்ஸ்டன் இம்மாற்றத்தை எடைபோட்டார். மொழி மாறிய பின்னும் பொதுமக்கள் சட்ட விஷயத்தில் முன்போலவே அறியாதவர்களாகத்தான் இருக்கின்றனர் என்பது அவருடைய கருத்து. லத்தீன்மேல் பற்றுடையவர் அவர். ஆயினும் அவர் கூற்றில் நாம் சிந்திக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மொழியை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. புரியவைக்க வேண்டும் என்ற எண்ணமும் வேண்டும்.

இரு கப்பல்கள் சந்தித்த கரை

லத்தீனை விலக்கும் சட்டம் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1726இல், அரச சாசனம் ஒன்றின் மூலம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. ஆங்கிலச் சட்டமொழி தன் பிரெஞ்சு, லத்தீன் மூட்டைகளுடன் நம் கரையில் காலூன்ற அவை வழிசெய்தன.

இங்கே அதற்கு முன்னரே வேறொரு சட்டமொழி இருந்தது. முகலாயர் ஆட்சியிலும் ஆர்க்காட்டு நவாபுகளின் நிர்வாகத்திலும் பாரசீகம் ஆட்சிமொழியாக வழங்கியது. அதன் வழியே அரபிச் சொற்கள் தமிழகத்துக் கச்சேரிகளில் புகுந்தன. வக்கீல் என்பவர் பிறர் தம் காரியத்தை ஒப்படைக்கும் பொறுப்பாளர். முன்சீப் என்பவர் இன்சாஃப், அதாவது நடுநிலை வழங்குபவர். சொத்தை ஜப்தி செய்ய வரும் அமீனா, 'நம்பிக்கைக்குரியவர்' எனப் பொருள்படும் அமீன். ஜாமீன், பொறுப்பேற்பவர். ஆஜர், ஹாஜிர், கண்முன் இருப்பவர். அசல், நகல், வாரிசு, வசூல், பாக்கி, ராஜி, ரத்து, மகஜர் ஆகிய அனைத்தும் மதரஸாவில் அரபி அகராதியைப் புரட்டும் முதலாண்டு மாணவனுக்கும் பழக்கமான வேர்களிலிருந்து பிறந்தவை.

வழக்கு தள்ளிவைக்கப்படும் நாளை நாம் வாய்தா என்கிறோம். அது 'வஅதா', வாக்குறுதி என்பது அதன் பொருள். நீதிமன்றம் குடிமகனுக்கு அளிக்கும் வாக்குறுதி! எத்தனை வாய்தா, எத்தனை ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருப்போர் இப்பொருளை அறிந்தால் என்ன சொல்வார்களோ!

1837இன் 29ஆம் சட்டம், நீதி, வருவாய் நடவடிக்கைகளில் பாரசீகத்தை விலக்கும் அதிகாரத்தைக் கவர்னர் ஜெனரலுக்கு அளித்தது. பாரசீகம் போயிற்று, அதன் சொற்கள் போகவில்லை. நார்மானியரின் ஆட்சி போன பின் பிரெஞ்சுச் சொற்கள் தங்கியதைப் போன்றதே இதுவும். ஆகவே அரபிச் சொற்களைக் கண்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை. எளிய தமிழ்க் குடியானவனுக்கு அவையும் ஒரு காலத்தில் சுவர்களாகவே நின்றன.

ஒரு சொல்லை மற்றொரு சொல்லால் அளந்தபோது

புரியாமை ஏழைகளை மட்டும் தாக்குவதில்லை. நீதிபதிகளையும் அது தாக்கும். நம் சமுதாயம் அதை 1894இல் கண்டது.

1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி, திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்கு அவர்களுடைய ஷரீஅத்தே சட்டம் என்று ஏற்கப்பட்டது. அதை அறிய ஆங்கில நீதிபதிகளுக்கு நூல் வேண்டியிருந்தது. இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயாவைச் சார்லஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் மொழிபெயர்த்தது அரபி மூலத்தை அன்று. மௌலவிகள் பாரசீகத்தில் ஆக்கித் தந்த பிரதியை. தமிழகக் கரையோரத்து ஷாஃபிஈகள் பெரிதும் மதிக்கும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜின் கதையும் இத்தகையதே. வான் டென் பெர்க் என்னும் டச்சுக்காரர் அதைப் பிரெஞ்சில் ஆக்கினார். அந்தப் பிரெஞ்சிலிருந்து ஹோவர்டு என்பவர் 1914இல் ஆங்கிலத்தில் தந்தார். நிழலின் நிழலைக் கொண்டு நீதிமன்றங்கள் உருவத்தை அறிய முயன்றன.

இனி 1894இன் வழக்குக்கு வருவோம். வங்காளத்தில் சகோதரர் இருவர் தம் சொத்தை வக்ஃப் செய்தனர். வருமானம் அவர்களுடைய சந்ததியினருக்கு. சந்ததி அற்றுப்போனால் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் என்பது ஏற்பாடு. லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், அபுல் ஃபதா வழக்கு எனப்படும் அவ்வழக்கில், இந்த வக்ஃப் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏழைகளுக்குரிய பங்கு எட்டாத தொலைவில் இருப்பதால் அது வெறும் தோற்றமே என்றும், உண்மையில் இது குடும்பச் சொத்தைப் பெருக்கும் ஏற்பாடு என்றும் பிரபுக்கள் கருதினர்.

பிழை எங்கே நேர்ந்தது? ஆங்கிலச் சட்டத்தில் 'சேரிட்டி' என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு; அது பிறருக்குச் செய்யும் தருமம். தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அதில் சேராது. ஷரீஅத்திலோ ஒருவன் தன் குடும்பத்தார்க்குச் செலவிடுவதும் ஸதக்காவே. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சையித் அமீர் அலி, இதற்கு முன்பே வேறொரு வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகளோடு மாறுபட்டு நின்று, இந்த வேறுபாட்டை எடுத்துரைத்திருந்தார். அது எடுபடவில்லை. ஸதக்கா என்னும் சொல்லைச் சேரிட்டி என்னும் படியில் அளந்தார்கள். படியில் அடங்காததைப் பொய் என்று தள்ளினார்கள்.

அதன் பின் குடும்ப வக்ஃபுகள் பல ஆட்டங்கண்டன. உலமாக்களும் வழக்கறிஞர்களும் குரலெழுப்பினர். மௌலானா ஷிப்லி நுஃமானி இதற்காகப் பாடுபட்டார். முகம்மது அலி ஜின்னா 1911இல் பேரரசின் சட்டமன்றத்தில் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1913இல் வக்ஃப் செல்லுபடிச் சட்டமாக நிறைவேறியது. 1930இல் வந்த மற்றொரு சட்டம், 1913க்கு முன் ஏற்பட்ட வக்ஃபுகளுக்கும் அதை விரித்தது. ஒரு சொல்லின் பொருளைத் திருத்த முப்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன!

தமிழில் நீதி

நம் மொழியில் நீதி வேண்டும் என்ற வேட்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தமிழ் நாட்டில் தமிழர்முன் தமிழர் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை 1879இல் வந்த தம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும் கண்டித்தார்.

விடுதலைக்குப் பின், அரசியலமைப்பின் 32ஆம் பிரிவும் 226ஆம் பிரிவும் ஐந்து ஆணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. அவற்றுள் நான்கின் பெயர்கள் லத்தீன் தொடர்கள். உரிமைகள் நமக்கு வந்தன. அவற்றின் பெயர்கள் வெஸ்ட்மின்ஸ்டரின் பழைய ஏட்டிலிருந்து வந்தன. தமிழறிஞர்கள் ஹேபியஸ் கார்ப்பஸை ஆட்கொணர்வு என்றாக்கினர். லத்தீன் தெரியாத ஒரு தாய்க்கும், காவலில் இருக்கும் தன் மகனைக் கண்முன் கொண்டுவரச் சொல்லும் மனு அது என்று கேட்ட மாத்திரத்தில் விளங்குகிறது. நல்ல மொழிபெயர்ப்புக்கு இதுவே இலக்கணம்.

1956இன் ஆட்சிமொழிச் சட்டமும், 1976இல் அதற்கு வந்த திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தன. உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலமே தொடர்கிறது. 2019 முதல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடத் தொடங்கியது. பின்னர் தமிழும் அவ்வரிசையில் சேர்ந்தது.

இங்கிலாந்து என்ன செய்தது? 1999 ஏப்ரல் 26 முதல் அங்கே உரிமையியல் வழக்குகளுக்குப் புதிய நடைமுறை விதிகள் வந்தன. அவற்றில் பழஞ்சொற்கள் பல விலக்கப்பட்டன. பிளெய்ன்டிஃப் என்பதற்குப் பதிலாக 'கோருபவர்' என்றும், சப்பீனாவுக்குப் பதிலாகச் 'சாட்சி அழைப்பு' என்றும் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொற்கள் இடம்பெற்றன. எக்ஸ் பார்ட்டே போய், 'அறிவிப்பு இன்றி' என்பது அவ்விடத்தில் அமர்ந்தது. சொல்லை நமக்குக் கொடுத்தவர்கள் தம் வீட்டிலிருந்து அதை அகற்றிவிட்டார்கள். எங்கள் தெரு மூதாட்டியின் தலைமேல் அது இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

நம் பங்கு

கலைச்சொற்களே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஃபிக்ஹ் கலையைப் போதிப்பவன் அவ்வாறு வாதிட இயலாது. நுட்பமான பொருளுக்கு நுட்பமான சொல் தேவை. மருத்துவரும் தச்சரும் தத்தம் சொற்களைக் கொண்டிருப்பது போலவே வழக்கறிஞரும் கொண்டிருக்கலாம். ஆனால் தச்சரின் சொல் புரியாததால் எவரும் வீட்டை இழப்பதில்லை.

ஒவ்வொரு தூதரையும் அவருடைய சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பியதாகவும், அவர்களுக்குத் தெளிவுபடுத்துவதற்காகவே அவ்வாறு செய்ததாகவும் அல்லாஹ் இப்ராஹீம் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். வஹீயே மக்களின் மொழியில் இறங்கியிருக்க, வாய்தா நோட்டீசுக்கு மட்டும் வேறு விதி ஏன்? கடன் ஒப்பந்தத்தை எழுத வேண்டும் என்று கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் வசனமும், வாசகத்தைச் சொல்லும் பொறுப்பைக் கடன் வாங்கியவரிடமே கொடுக்கிறது. அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்கிறது. கடமைக்கு ஆளாகிறவன் தான் எதற்கு ஆளாகிறோம் என்பதைத் தன் வாயாலேயே சொல்லத்தக்கவனாக இருக்க வேண்டும் என்பதன்றோ இதன் உட்பொருள்?

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் பார்த்துக்கொள்வோம். நம் ஜமாஅத்துகளின் நிகாஹ் தப்தரில் கையெழுத்திடும் மணமகளில் எத்தனை பேருக்கு அதில் எழுதப்பட்ட மஹரின் பொருளும், அது தன் உரிமை என்பதும் விளக்கிச் சொல்லப்படுகிறது? நானே எத்தனையோ நிகாஹ்களில் அந்த ஏட்டை விரித்து, 'இங்கே கையெழுத்துப் போடம்மா' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வெஸ்ட்மின்ஸ்டர் எழுத்தருக்கும் எனக்கும் அந்நேரத்தில் வேறுபாடு இருந்ததாக இன்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் முதலில் வாசித்துப் பொருள் சொன்ன பின்னரே பேனாவைக் கொடுக்கிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவே.

மூதாட்டியின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். ஒருதரப்பாகச் சொல்லப்பட்ட தீர்ப்பை நீக்கிவைக்குமாறு முப்பது நாட்களுக்குள் மனுச் செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் என்னிடம் வந்தபோது அக்கெடுவில் ஒன்பது நாட்கள் மீதமிருந்தன. மறுநாளே நல்ல வக்கீல் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். மனு ஏற்கப்பட்டது, வழக்கு மீண்டும் கோப்பில் ஏறியது. அது இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேரனுடன் தவறாமல் சென்று வருகிறார்.

நீதிமன்றத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அவர் அதை இப்போது பெட்டியில் வைப்பதில்லை. நேரே பள்ளிவாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார். 1362இல் இங்கிலாந்து கேட்ட கேள்வி அது. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை என்று நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் சொல்லிவைப்போம்.